நெருப்பின்றி எரியும் நூலகங்கள்

2023 மார்ச் 31 அன்று பீகார் மாநிலம் பீகார் ஷெரீஃப் நகரில், ராமநவமி ஊர்வலத்தை ஒட்டி மூண்ட வன்முறையில் மதரசா அஜீஜியாவின் நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. நூறாண்டு கடந்த அந்நிறுவனத்தின் 4,500-க்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. 2004 ஜனவரியில் புனே பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் ஒரு கும்பலால் சூறையாடப்பட்டபோது அரிய சுவடிகளும் நூல்களும் நாசமாயின. இத்தகைய ஒவ்வொரு தாக்குதலின்போதும் ஜனநாயக எண்ணம் கொண்டோர் வெகுண்டு எழுந்தனர். அது நியாயமான கோபம்.

ஆனால் யாரும் தீ வைக்காமலேயே, ஊர்வலமோ கும்பலோ இல்லாமலேயே, நாட்டின் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் நாள்தோறும் எரிந்துகொண்டிருக்கின்றன. இதில் புகை எழுவதில்லை. அலமாரியில் அடுக்கியபடியே நூல் பழுப்பேறுகிறது, விளிம்பு உதிர்கிறது, ஒருநாள் தொட்டவுடன் பொடியாகிறது. நூல் பாதுகாப்புத் துறையினர் இதனை ‘மெல்ல எரியும் தீ’ என்று குறிப்பிடுவர். இத்தீயின் வேகத்தைத் தீர்மானிப்பவை நூல் வைக்கப்பட்டுள்ள அறையின் வெப்பநிலையும் ஈரப்பதமும் ஆகும். அவற்றைக் கட்டுப்படுத்தும் அறிவியல் நம்மிடம் உள்ளது. கட்டுப்படுத்துவதா கைவிடுவதா என்பதோ நிதிநிலை அறிக்கையிலும் தொழிலாளர் கொள்கையிலும் தீர்மானிக்கப்படுகிறது. எனவே இது நூலகர்களின் தொழில்நுட்பப் பிரச்சனை என்று நாம் ஒதுங்கி நிற்க இயலாது.

வர்க்கம் பார்த்து எரியும் தீ

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காகிதம் பெரும்பாலும் கந்தல் துணியிலிருந்தும் சணல் போன்ற நார்களிலிருந்தும் செய்யப்பட்டது. அதன் இழைகள் நீளமானவை, உறுதியானவை. அச்சுத் தொழில் பெருகி, செய்தித்தாள்கள் லட்சக்கணக்கில் அச்சாகத் தொடங்கியபோது கந்தல் போதவில்லை. அதன் இடத்திற்கு மரக்கூழ் வந்தது. மரத்தை அப்படியே அரைத்துச் செய்யும் மலிவான காகிதத்தில் லிக்னின் என்னும் பொருள் எஞ்சி நிற்கிறது. ஒளியும் காற்றும் படும்போது அது காகிதத்தை மஞ்சளாக்கி அமிலத்தை உண்டாக்குகிறது. மை ஊறிப் பரவாமல் இருப்பதற்காகச் சேர்க்கப்பட்ட படிகாரமும் மரப்பிசினும் ஈரத்தோடு சேர்ந்து தம் பங்குக்கு அமிலத்தைப் பெருக்குகின்றன. அந்த அமிலம் காகிதத்தின் உயிர்நாடியான செல்லுலோஸ் இழைகளைத் துண்டு துண்டாக அறுக்கிறது. பகைவன் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை, காகிதத்திற்குள்ளேயே குடியிருக்கிறான்.

இதில் தோழர்கள் கருத வேண்டிய ஓர் உண்மை உண்டு. முகலாயர் காலத்து ஃபர்மான்களும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கேடுகளும் நல்ல காகிதத்தில் எழுதப்பட்டவை. முந்நூறு ஆண்டுகள் கடந்தும் அவற்றுள் பல உறுதியாக நிற்கின்றன. ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத் துண்டறிக்கை, விவசாயிகள் சங்கத்தின் மாநாட்டு அறிக்கை, தடை செய்யப்பட்ட கட்சியின் இரகசிய ஏடு ஆகியவை கிடைத்த மலிவுக் காகிதத்தில் அச்சானவை. 1942-இல் பம்பாயிலிருந்து வெளிவரத் தொடங்கிய கட்சி வார ஏடான ‘பீப்பிள்ஸ் வார்’ போர்க்காலக் காகிதப் பஞ்சத்திற்கு நடுவே அச்சிடப்பட்டது. வங்கப் பஞ்சத்தின் சாட்சியங்கள் அதன் பக்கங்களில் உள்ளன. ஆளுவோரின் ஆவணம் நிற்க, ஆளப்படுவோரின் ஆவணம் முதலில் அழிவது இயற்கையின் நியதியன்று. எவரிடம் நல்ல காகிதம் இருந்தது என்பதன் விளைவு அது. ஆகவே, எல்லா நூல்களையும் ஒரே மாதிரி புறக்கணிக்கும் அரசு உண்மையில் நடுநிலை வகிக்கவில்லை. அந்தப் புறக்கணிப்பில் முதலில் மறைவது உழைக்கும் மக்களின் வரலாறே.

ஓவியர் சித்தப்ரசாத், 1943 பஞ்சத்தின்போது வங்காளத்தின் மேதினிப்பூர் பகுதியில் நடந்தே திரிந்து, கண்டதை வரைந்தும் எழுதியும் ‘ஹங்கிரி பெங்கால்’ என்னும் சிறு நூலாக்கினார். பிரிட்டிஷ் அரசு அதன் பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. அவரது குடும்பத்தார் பேணிவைத்த ஒரு பிரதி எஞ்சியதால்தான் அந்நூல் பல பத்தாண்டுகளுக்குப் பின் மறுபதிப்புக் கண்டது. ஒரு குடும்பத்தின் அக்கறை காப்பாற்றிய சாட்சியம் அது. இத்தகைய அக்கறை வாய்க்காத எத்தனையோ துண்டறிக்கைகள் இன்று பெயரளவில்கூட எஞ்சவில்லை.

வெப்பமும் ஈரமும்

காகிதத்தின் உள்ளே நிகழும் வேதிவினையை முற்றிலும் நிறுத்த முடியாது, மெதுவாக்க முடியும். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் குறைந்தால் காகிதத்தின் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பாதுகாப்புத் துறையினரின் பொதுக் கணக்கு. ஈரப்பதம் மிகுந்தால் அமில வினை விரைவுபெறும். ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை முளைக்கும். அதற்குத் துணையாக இராமபாணப் பூச்சியும் கரையானும் கரப்பானும் வந்து சேரும். ஈரம் மிகக் குறைந்தாலும் கேடுதான். காகிதம் முறுகி ஒடியும், தோல் அட்டை வெடிக்கும், பசை விட்டுப்போகும். ஆகவேதான் நூல்களுக்குப் பொதுவாக 18 முதல் 22 டிகிரி வரையிலான வெப்பநிலையும், 45 முதல் 55 சதவீதம் வரையிலான ஈரப்பதமும் பரிந்துரைக்கப்பட்டு வந்துள்ளன.

இந்த எண்களைக் காட்டிலும் முதன்மையானது ஏற்ற இறக்கமின்மை. காகிதம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரியும், உலர்ந்தால் சுருங்கும். நாள்தோறும் இவ்வாறு விரிந்து சுருங்கும் நூல், ஓயாமல் முன்னும் பின்னும் வளைக்கப்படும் கம்பியைப் போலத் தளர்ந்து முறியும். டெல்லியில் மே மாத வறட்சிக்கும் ஆகஸ்ட் மாதப் புழுக்கத்திற்கும் இடையே உள்ள தூரத்தை எண்ணிப் பாருங்கள். கொல்கத்தாவில் மழைக்காலம் முழுவதும் காற்று நீரில் தோய்ந்தே இருக்கும். மேற்கு நாடுகளின் நூலகத்திற்குக் குளிர்காலம் இலவசமாகத் தரும் ஒன்றை நாம் மின்சாரம் செலவிட்டே பெற வேண்டியுள்ளது. இந்தியாவில் நூலைக் காப்பது கூடுதல் செலவு பிடிக்கும் பணி என்பது உண்மை. அந்தச் செலவை யார் ஏற்பது என்பதே கேள்வி.

பகலில் குளிர், இரவில் புழுக்கம்

செலவை மிச்சப்படுத்த நமது பொது நிறுவனங்கள் கண்டுபிடித்துள்ள வழி விந்தையானது. காலை பத்து மணிக்கு அலுவலகம் திறக்கும்போது குளிர்சாதனம் ஓடத் தொடங்கும். மாலை ஐந்து மணிக்கு ஊழியர் வீடு திரும்புகையில் நிறுத்தப்படும். விடுமுறை நாட்களில் ஓடாது. பழுதானால், ஒப்பந்தக்காரர் வரும் நாள் வரை ஓடாது. குளிர்சாதனம் மனிதர்களுக்காக நிறுவப்பட்டது என்றால் இது சரியே. நூல்களுக்காக நிறுவப்பட்டது என்றால், இதனினும் அது இல்லாமலிருப்பதே நன்று.

காரணம் எளிது. குளிர்ந்த காற்றால் குறைந்த ஈரத்தையே தாங்க முடியும். 30 டிகிரி வெப்பத்தில் 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை, அதிலிருந்து ஈரத்தை நீக்காமல் 24 டிகிரிக்குக் குளிர்வித்தால், அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 100 சதவீதத்தைத் தொட்டுவிடும். மாலையில் கருவி நிறுத்தப்பட்டதும், கதவிடுக்குகள் வழியே புகும் வெளிக்காற்று, பகலெல்லாம் குளிர்ந்து கிடந்த இரும்பு அலமாரியிலும் நூலின் முதுகிலும் படுகிறது. பனிக்கட்டி நீர் நிரப்பிய குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் அங்கும் ஈரம் படிகிறது. இரவெல்லாம் காற்றோட்டமற்ற இருட்டறையில் பூஞ்சைக்கு வேண்டிய அனைத்தும் கிடைத்துவிடுகின்றன. மறுநாள் காலை மீண்டும் குளிர். இவ்வாறு ஆண்டு முழுவதும் நடந்தால், பழைய கட்டடத்தில் உயர்ந்த சன்னல்களும் தடித்த சுவர்களும் சுற்று வராந்தாவும் தந்த பாதுகாப்பைக்கூட நூல் இழந்துவிடும்.

எனவே நூலகத்திற்குத் தேவைப்படுவது இருபத்து நான்கு மணி நேரமும், முந்நூற்று அறுபத்தைந்து நாளும் சீராக இயங்கும் ஏற்பாடு. குளிர்விக்கும் கருவியோடு ஈரநீக்கியும் வேண்டும். தடையற்ற மின்சாரம் வேண்டும். ஒவ்வொரு அறையிலும் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து பதிவு செய்யும் கருவி வேண்டும். அப்பதிவைப் படித்து நடவடிக்கை எடுக்கப் பயிற்சி பெற்ற நிரந்தர ஊழியர் வேண்டும். அத்தனைக்கும் நிதி இல்லாத இடத்தில், அரைகுறைக் குளிரைவிடச் சுவரிலிருந்து விலக்கிய அலமாரியும், ஒழுகாத கூரையும், நிழலும், திட்டமிட்ட காற்றோட்டமும் மேலானவை. இது பெருஞ்செலவுக்கும் சும்மாயிருத்தலுக்கும் இடையிலான தேர்வு என்று காட்டப்படுவது பொய்யான வாதம்.

நஞ்சும் ஊழியரும்

அறையின் ஈரத்தைக் கட்டுப்படுத்தாத நிர்வாகம், அதன் விளைவாகப் பெருகும் பூச்சியையும் பூஞ்சையையும் நஞ்சைக் கொண்டு ஒழிக்க முற்படுகிறது. நாப்தலின் உருண்டை, பாராடைகுளோரோபென்சீன், தைமால் புகையூட்டல், பூச்சிக்கொல்லித் தெளிப்பு என இந்த வரிசை நீளும். நூலுக்கு இவற்றால் கிடைப்பது தற்காலிக நிவாரணம். ஈரம் திரும்பினால் பூஞ்சையும் திரும்பும். ஆனால் அந்த அடைபட்ட அறையில் நாள் முழுதும் நஞ்சையும் பூஞ்சைத் துகளையும் சுவாசிப்பவர் யார்? நூல் எடுத்துத் தரும் கடைநிலை ஊழியர், தூசி தட்டும் துப்புரவுப் பணியாளர், கிழிந்த ஏட்டை ஒட்டும் நூல் கட்டுநர் ஆகியோர். இவர்களுள் பெரும்பகுதியினர் இன்று ஒப்பந்த முறையில், பணிப் பாதுகாப்போ மருத்துவப் பாதுகாப்போ இன்றி வேலை செய்கின்றனர். முகக்கவசமும் கையுறையும்கூடத் தரப்படாத இடங்கள் உள்ளன.

நூலுக்கு உகந்த காற்று, அங்கே உழைப்பவருக்கும் உகந்த காற்றுதான். வெப்பமும் ஈரமும் கட்டுக்குள் இருந்தால் நஞ்சின் தேவை வெகுவாகக் குறையும். ஆகவே, காப்பறையின் ஈரப்பதம் பற்றிய கோரிக்கை, நூலக ஊழியர் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் ஊதிய உயர்வுக்கு அடுத்த வரியிலேயே இடம்பெறத் தக்கது.

எண்மயம் என்னும் சமாதானம்

‘எல்லாவற்றையும் எண்மயமாக்கிவிட்டால் போதுமே, இந்தப் பழைய காகிதத்தை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?’ என்று கேட்போர் உண்டு. எண்மயமாக்கல் தேவையானது, தொலைவிலிருக்கும் வாசகருக்கு அது பெருங்கொடை. மூலநூலை அடிக்கடி கையாளும் அவசியத்தையும் அது குறைக்கிறது. ஆனால் அதைப் பாதுகாப்பின் மாற்றாகக் கொள்வது பிழை. பொடியும் நிலையிலுள்ள நூலைப் பிரித்துப் படமெடுப்பதே அதன் இறுதிப் பயணமாகலாம். பக்கக் கணக்கில் கூலி வாங்கும் ஒப்பந்த நிறுவனத்திற்குத் தேவை வேகம். மடிப்பில் மறைந்த வரி, ஓரத்தில் எழுதிய குறிப்பு, தவறிய பக்கம் ஆகியவற்றைச் சரிபார்க்க மூலம் இல்லாவிட்டால் பிழையே நிலைத்துவிடும்.

அமெரிக்காவில் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், நுண்படச் சுருளில் பதிவாகிவிட்டன என்று சொல்லிப் பெரிய நூலகங்கள் பழைய செய்தித்தாள் தொகுதிகளை அகற்றின. பிறகு பார்த்தால் சுருள்களில் விடுபட்ட பக்கங்கள், மங்கிய எழுத்துகள். அசிட்டேட் சுருள்களே வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து காடி நாற்றம் வீசின. எண்மக் கோப்பும் ஆகாயத்தில் மிதப்பதில்லை. அதுவும் எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில், அறுபடாத மின்சாரத்தில், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்றப்பட்டு வாழ வேண்டும். கணினி அறைக்கு இருபத்து நான்கு மணி நேரக் குளிர் கட்டாயம் என்று உடனே ஒப்புக்கொள்ளும் அதிகாரிகள், நூல் காப்பறைக்கு அதையே ஆடம்பரம் என்கின்றனர்.

என் மொழிபெயர்ப்புப் பணியில் இதன் பொருளை உணர்ந்ததுண்டு. மார்க்சியக் கலைச்சொல் ஒன்றை முன்னோடித் தோழர்கள் தமிழில் எவ்வாறு ஆண்டனர் என்று அறிய, ஐம்பதுகளின் ஏட்டுத் தொகுதி ஒன்றைத் தேடிச் சென்றேன். தொகுதி இருந்தது, பட்டியலிலும் இருந்தது. திறந்தபோது மடிப்பு வரிசை முழுவதும் ஒடிந்து, நடுப்பத்தியின் எழுத்துகள் துகளாகக் கட்டின் அடியில் குவிந்து கிடந்தன. ஒரு தலைமுறை விவாதித்து உருவாக்கிய சொல் அத்துகளுக்குள் இருந்திருக்கும். நூல் ‘இருக்கிறது’ என்று பட்டியல் சொல்வதற்கும், அது படிக்கக் கிடைப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு இதுதான்.

யாருடைய பொறுப்பு?

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 62-ஆம் இனம் கொல்கத்தா தேசிய நூலகத்தைப் பெயர் சொல்லியே ஒன்றியத்தின் பொறுப்பில் வைக்கிறது. மாநில அரசின் கட்டுப்பாட்டிலோ நிதியிலோ இயங்கும் நூலகங்கள் மாநிலப் பட்டியலின் 12-ஆம் இனத்தில் அடங்கும். 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் வெளியீட்டாளர் தம் செலவில் தேசிய நூலகத்திற்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று பொது நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். 1956-இல் செய்தித்தாள்களும் இச்சட்டத்தில் சேர்க்கப்பட்டன. நூலை அனுப்பத் தவறிய வெளியீட்டாளருக்கு அபராதம் உண்டு. ஆனால் வந்துசேர்ந்த நூலை எத்தகைய நிலையில் வைத்துக் காக்க வேண்டும் என்பதற்கு அச்சட்டத்தில் ஒரு விதியும் இல்லை. பெற்றுக்கொள்வதில் கண்டிப்பு, பேணுவதில் மௌனம். எழுபது ஆண்டுகளாக இந்த மௌனம் தொடர்கிறது.

இதற்கு மேல் வந்துள்ளது நவீன தாராளமயக் கொள்கை. பொதுச் செலவைக் குறை, நிரந்தரப் பணியிடத்தை நிரப்பாதே, பராமரிப்பை ஒப்பந்தத்திற்கு விடு என்பதே அதன் வாய்பாடு. நூலகம் அறிவுச் செல்வமாகத் தெரிவதில்லை. நகரின் நடுவே உள்ள மனையாகத் தெரிகிறது. 1891-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டு, 1969-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற பாட்னா குதா பக்ஷ் நூலகத்தின் கர்சன் படிப்பகத்தை மேம்பாலத்திற்காக இடிக்க 2021-இல் திட்டமிட்டனர். அறிஞர்களும் மக்களும் எதிர்த்துக் குரல் எழுப்பினர். அதே ஆண்டில் சென்ட்ரல் விஸ்டா திட்டத்தின் பகுதியாக டெல்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைப்புக் கட்டடம் இடிபட இருப்பதாகத் தெரிந்தபோது, அங்குள்ள கோப்புகளும் சுவடிகளும் எங்கே, எந்தச் சூழலில் வைக்கப்படும் என்று வரலாற்றாசிரியர்கள் வினவினர். அந்த வினாவின் உட்பொருள், நாம் இங்கே பேசிவரும் வெப்பமும் ஈரமும்தான்.

‘பண்டைப் பெருமை’ பேசுவதில் இன்றைய ஒன்றிய ஆட்சியாளருக்கு நிகரில்லை. ஆனால் 2023-இல் பள்ளிப் பாடநூல்களிலிருந்து முகலாயர் பற்றிய பகுதிகளும், காந்தி கொலையையடுத்து ஆர்எஸ்எஸ் தடை செய்யப்பட்டது பற்றிய வரிகளும் நீக்கப்பட்டன. பாடநூலிலிருந்து நீக்கியதை ஆவணத்தைக் காட்டி மறுக்கலாம். ஆவணமே உதிர்ந்துவிட்டால்? வரலாற்றைத் திருத்தி எழுத விரும்புவோர் நூலகத்தைக் கொளுத்த வேண்டியதில்லை. நிதியை நிறுத்தி, பணியிடத்தைக் காலியாக விட்டு, மழைக்காலத்திற்காகக் காத்திருந்தால் போதும்.

இதற்கு நேர்மாறான முன்னுதாரணம் ஒன்று நம் இயக்கத்தின் வரலாற்றில் உண்டு. 1918 ஜூன் 1 அன்று, உள்நாட்டுப் போரும் பசியும் சூழ்ந்திருந்த வேளையில், லெனின் தலைமையிலான சோவியத் அரசு, ஆவணக் காப்பகங்களை ஒன்றிணைத்து அரசின் பொறுப்பில் கொண்டுவரும் ஆணையைப் பிறப்பித்தது. ரொட்டிக்கே வழியில்லாத நாட்டில் காகிதக் கட்டுகளைப் பற்றி ஏன் கவலை என்று அவர்கள் எண்ணவில்லை. பழைய ஆட்சியின் குற்றங்களுக்கான சான்றும் புதிய ஆட்சிக்கான அறிவும் அக்கட்டுகளில் இருப்பதை அறிந்திருந்தனர்.

நமது அலமாரிகள்

அரசை நோக்கி விரல் நீட்டும்போது, நம் கட்சி அலுவலகங்களின் பரண்களையும் பார்க்க வேண்டும். மாநாட்டு அறிக்கைகள், கிளைக் கூட்டக் குறிப்பேடுகள், பழைய ஏடுகள் சாக்கு மூட்டையில், சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டு, மொட்டை மாடிக்கு நேர்கீழே வெந்துகொண்டிருக்கும் நிலை பல இடங்களில் உள்ளது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் உள்ள பி.சி. ஜோஷி தற்கால வரலாற்று ஆவணக்காப்பகம் போன்றவை, தோழர்கள் ஒவ்வொரு தாளாகக் காத்துக் கொடுத்ததால்தான் உருவாயின.

பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை பல. ஏடுகளை மேல்மாடியிலோ தரையிலோ வைக்காமல், இடைத்தளத்தில், கழிப்பறைச் சுவரையும் வெளிச்சுவரையும் விட்டு விலகி, தரையிலிருந்து அரை அடி உயர்த்திய இரும்பு அலமாரியில் வைக்கலாம். நேர் வெயில் படாமல் மறைக்கலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்றை மாட்டி, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பார்த்துக் குறித்து வைக்கலாம். துருப்பிடிக்கும் குண்டூசியையும் ஸ்டேப்ளர் பின்னையும் ரப்பர் பட்டையையும் அகற்றலாம். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டுவதையும், மூலத்தாளை லேமினேட் செய்வதையும் அறவே தவிர்க்க வேண்டும். இரண்டும் காப்பதாகத் தோன்றி அழிப்பவை. இரண்டாம் பிரதி இருந்தால், தகுந்த வசதியுள்ள பொதுக் காப்பகம் ஒன்றுக்கு வழங்குவது நன்று.

ஆயினும் கட்சி அலமாரிகளோடு கடமை முடிந்துவிடாது. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும், நூலக ஊழியர் சங்கங்களிலும், ஆசிரியர், மாணவர் அமைப்புகளிலும் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. பொது நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள் ஆகியவற்றின் காப்பறைகளுக்கு இரவும் பகலும் இயங்கும் வெப்ப, ஈரக் கட்டுப்பாட்டுக்கென நிதிநிலை அறிக்கையில் தனி ஒதுக்கீடு வேண்டும். ஒவ்வொரு காப்பறையின் அளவீடுகளும் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். நூல் வழங்கல் சட்டத்தில் பேணும் கடமை சேர்க்கப்பட வேண்டும். காலியான பணியிடங்கள் நிரந்தர ஊழியரைக் கொண்டு நிரப்பப்பட வேண்டும்; நச்சுப் புகையூட்டலிலிருந்து அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். எண்மயமாக்கிய பின்னும் மூலம் அழிக்கப்படாது என்னும் உறுதி வேண்டும்.

அடுத்த மழைக்காலத்திற்கு முன், தோழர்கள் தத்தம் ஊரின் பொது நூலகத்திற்குச் சென்று, காப்பறையில் ஈரமானி உள்ளதா, குளிர்சாதனம் இரவிலும் ஓடுகிறதா, கூரை ஒழுகுகிறதா என்று கேட்டறியட்டும். விடையை எழுத்தில் பெறட்டும். மக்களின் நினைவைக் காக்கும் போராட்டம் அந்தச் சிறு கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.